பதினோராவது ஆர்டர்

ஞாயிற்றுக்கிழமை, மதியம்

என் வாண்டுக்கு,

அம்மா எழுதுகிறேன். நானும் உன் அப்பாவும் நலம். நீயும் அங்கே நேரத்துக்குச் சாப்பிட்டு, நேரத்துக்குத் தூங்கி நன்றாக இருக்கிறாய் என்று நம்புகிறேன். நம்பாமல் என்ன செய்வது, இத்தனை தூரத்திலிருந்து எட்டியா பார்க்க முடியும்.

போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று நீ சிரிப்பாய். போனில் பேசினால் உன் அப்பா பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொள்கிறார். ஸ்பீக்கரில் போடு என்கிறார். நான் ஒன்று கேட்பதற்குள் அவர் ஒன்பது கேட்டுவிடுகிறார். பிரேக் எப்படிப் பிடிக்கிறது, வளைவில் என்ன வேகம், மழை பெய்தால் சக்கரம் வழுக்குமா. முப்பத்தொரு வருஷம் பஸ் ஓட்டியவர், ஓய்வு பெற்ற பிறகு நீ அங்கே ஓட்டும் மெட்ரோ வண்டியை இங்கே நாற்காலியில் உட்கார்ந்தபடி ஓட்டிக்கொண்டிருக்கிறார். நான் கேட்க நினைத்தது போனை வைத்த பிறகுதான் ஞாபகம் வருகிறது.

மெட்ரோ வண்டி செய்யும் எங்கள் தொழிற்சாலையில் வேலை தலைக்கு மேல் இருக்கிறது. கொட்டகையில் இப்போது நான்கு ஊர் வண்டிகள் ஒரே சமயத்தில் நிற்கின்றன. ஓர் ஊரில் சுரங்கப்பாதை நூறு வருஷப் பழசாம், குறுகலாம். அதனால் அவர்களுக்குப் பெட்டியின் தோளை ஒடுக்கிச் செய்கிறோம். இன்னோர் ஊர்க்காரர்களுக்குக் கதவு அகலமாக வேண்டும். அங்கே வண்டி நின்றால் இருபத்தைந்து வினாடிக்குள் முந்நூறு பேர் இறங்கி முந்நூறு பேர் ஏற வேண்டுமாம். மற்றொன்று சைக்கிளுக்கு இடம் கேட்கிறது. நான்காவது ஊருக்கு என்ன வேண்டும் என்று அவர்களுக்கே தெரியவில்லை, வாரம் ஒரு வரைபடம் மாற்றி அனுப்புகிறார்கள். உலகத்தில் உள்ள ஊர்கள் எல்லாம் ஒரே நாளில் விழித்துக்கொண்டு, ஐயையோ நம் ஜனங்கள் எப்படி வேலைக்குப் போவார்கள் என்று எங்கள் வாசலில் வந்து நிற்பதுபோல இருக்கிறது. பிரேக் ஒரு நாட்டிலிருந்து வருகிறது, கண்ணாடி ஒரு நாட்டிலிருந்து. போன மாதம் கதவு மோட்டார் ஏற்றிய கப்பல் ஏதோ துறைமுகத்தில் மாட்டிக்கொண்டது. பதினாறு பெட்டிகள் கதவில்லாமல், பல் போன வாயைத் திறந்துகொண்டு வரிசையாக நின்றன.

இந்த நெருக்கடியில்தான் எனக்குப் பதவி உயர்வு கொடுத்திருக்கிறார்கள். சிரிக்காதே. நெட்டை சாரை உனக்குத் தெரியும், எங்கள் வயரிங் பிரிவின் தலைவர், குனியாமல் எந்தப் பெட்டிக்குள்ளும் நுழைய முடியாதவர். அவர் கூப்பிட்டு, புதிதாக வந்திருக்கும் பதினோராவது ஆர்டருக்கு நான்தான் வயரிங் பொறுப்பு என்றார். என் கீழே இருபத்திரண்டு பேர். ஆர்டருக்கு எண் மட்டும்தான், எந்த ஊர் என்று சொல்ல மாட்டார்களாம். போட்டிக் கம்பெனிகள் மோப்பம் பிடித்துவிடும் என்கிறார்கள். வெளியே எதுவும் பேச மாட்டேன் என்று ஒரு தாளில் கையெழுத்து வாங்கினார்கள். நானும் போட்டேன்.

வரைபடக் கட்டு வந்ததும் பிரித்துப் பார்த்தேன். பதினேழு வருஷமாக நான் ஓட்டுநர் அறைக்குத்தான், பொத்தானும் கைப்பிடியும் உள்ள அந்த மேசைக்குத்தான் வயர் கட்டுகிறேன், அதனால் என் கண் முதலில் அந்தத் தாளைத்தான் தேடும். இரண்டு தடவை புரட்டிவிட்டேன், அகப்படவில்லை. போய்க் கேட்டேன்.

"சார், ஒண்ணாம் தாளைக் காணோமே. ஓட்டுநர் மேசைக்கு வயர் எங்கிருந்து எடுக்கிறது?"

"தாள் காணாமப் போகலக்கா. மேசைதான் இல்ல" என்றார்.

"மேசை இல்லாம எங்க உக்காந்து ஓட்டுவாங்க?"

"யாரும் ஓட்ட மாட்டாங்க. அதுவே போகும்."

என்னை வைத்து விளையாடுகிறார் என்று சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. வண்டியின் முன்பக்கம் முழுக்கக் கண்ணாடியாம், அதன் பின்னால் பயணிகளுக்கே இரண்டு இருக்கைகளாம். கூரையடியில் ஒரு பெட்டி, அதுதான் மூளையாம். தடத்தில் பதித்திருக்கும் கருவிகளோடு அதுவே பேசிக்கொண்டு, எங்கே நிற்பது எப்போது கதவைத் திறப்பது என்று முடிவு செய்துகொள்ளுமாம். ஒரு வண்டிக்கு முன்பைவிட இரண்டு மடங்கு வயர். அதனால்தான் அனுபவம் உள்ள ஆள் வேண்டும் என்று என்னைப் போட்டிருக்கிறார்கள்.

சந்தோஷப்படுவதா என்று தெரியவில்லை. சந்தோஷப்பட்டேன் என்றுதான் நினைக்கிறேன். உன் அப்பா இனிப்பு வாங்கிவந்தார். ஆனால் சாப்பிடும்போது உன் ஞாபகம் வந்தது. உங்கள் ஊரில் இப்படி ஏதாவது பேச்சு இருக்கிறதா? இருக்காது என்று நினைக்கிறேன். இருந்தால் நீ சொல்லியிருப்பாய்.

உன்னைப் பார்க்க வர உன் அப்பா பாஸ்போர்ட்டுக்குப் படம் எடுத்துவிட்டார். வண்டியில் உன் ஓட்டுநர் அறைக்கதவுக்குப் பின்னால் ஒட்டி நின்று, முதல் நிலையத்திலிருந்து கடைசி நிலையம் வரை ஒரு தடவை வர வேண்டுமாம். அது ஒன்றுதான் அவருக்கு ஆசை.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் அம்மா


சனிக்கிழமை, மாலை

வாண்டு,

அனுப்புவேனா என்று தெரியாமலே இதை எழுதுகிறேன். பதவி உயர்வைப் பற்றி எழுதி நான்கு மாதம் ஆகிறது. அதற்கு நீ போட்ட பதிலில் அங்கே குளிர் அதிகம் என்றும், எனக்குப் பதவி உயர்வு கிடைத்ததில் மகிழ்ச்சி என்றும், அப்பா தனியாக மாடிப்படி இறங்க வேண்டாம் என்றும் இருந்தது. நான் கேட்டதற்கு ஒன்றும் இல்லை. கேட்டதையே நீ கவனிக்கவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

புதன்கிழமை நடந்ததைச் சொல்கிறேன். கதவுக்கு மேலே நிலையத்தின் பெயர் ஓடும் பலகை இருக்கிறது அல்லவா, வயர் கட்டி முடித்ததும் அதை எரியவிட்டுப் பார்ப்போம். ஊர் தெரியக் கூடாது என்பதால் சோதனை ஒன்று, சோதனை இரண்டு என்றுதான் எழுத்து ஓடும். அன்று மாலைக்குள் முதல் பெட்டி முடிய வேண்டும் என்று ஒரே அவசரம். கணினிப் பிரிவுப் பெண் தவறிப்போய் அசல் பட்டியலையே ஏற்றிவிட்டாள்.

முதல் பெயர் ஓடியது. எங்கேயோ கேட்ட பெயராக இருக்கிறதே என்று நினைத்தேன். இரண்டாவது ஓடியது. மூன்றாவது பெயர் ஓடியபோது கையிலிருந்த மீட்டர் நழுவிக் கீழே விழுந்துவிட்டது. அந்தப் பெயரை நான் மாதம் ஒரு தடவை என் கையால் எழுதுகிறேன். உனக்குக் கடிதம் போடும் உறையின் மேல், உன் தெருவுக்கு அடுத்த வரியில்.

"இது எந்த ஊரும்மா?" என்று அவளைக் கேட்டேன். அவள் முகம் வெளுத்துப்போய் மடிக்கணினியைப் பட்டென்று மூடினாள். "அக்கா, நான் காட்டல, நீங்க பாக்கல. சரியா?" என்றாள். பாவம், வேலை போய்விடும் என்ற பயம் அவளுக்கு. நானும் தலையாட்டினேன்.

அன்று சாப்பாட்டுப் பையைத் திறக்கவே இல்லை. மறுநாள் நெட்டை சாரிடம் போய், என்னை வேறு ஆர்டருக்கு மாற்றுங்கள் என்றேன். ஏன் என்று அவர் கேட்கவில்லை. கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"உங்க பொண்ணு அங்கதான் ஓட்டுதுன்னு எனக்குத் தெரியும்க்கா. மேல இருக்கிறவங்களுக்கும் தெரியும். அதனாலதான் உங்ககிட்ட அந்தக் கையெழுத்தை அவ்வளவு அவசரமா வாங்கச் சொன்னாங்க."

எனக்குக் கோபம் வந்தது. "தெரிஞ்சுக்கிட்டேவா சார் என்னைப் போட்டீங்க?"

"வேற யாரைப் போடுறது? நீங்க விட்டா இன்னொருத்தங்க கட்டுவாங்க, நீங்க கட்டுற மாதிரி கட்ட மாட்டாங்க. ஓட்டத்தான் ஆள் இல்ல. ஏறப்போறது ஆளுங்கதானேக்கா" என்றார்.

எழுந்து வந்து வேலையைப் பார்த்தேன். மனசு என்ன நினைத்தாலும் கை அதன்பாட்டுக்குச் சரியாகவே செய்கிறது, அதுதான் எரிச்சலாக இருக்கிறது. ஒவ்வொரு முனையையும் அழுத்தி, எண் வளையம் மாட்டி, இழுத்துப் பார்த்து, இணைப்பு சரிதான் என்று மீட்டர் சத்தம் போடுகிறதா என்று கேட்டு. ஒரு வயர் கொஞ்சம் தளர்ந்திருந்தது. யாரும் பார்க்கவில்லை. பிரித்து மறுபடி கட்டினேன். கட்டி முடித்த பிறகு, யாருக்காகக் கட்டினேன் என்று புரியாமல் அந்தப் பெட்டியின் தரையில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன்.

உன்னிடம் சொல்ல வேண்டும். சொன்னால் நான் கையெழுத்துப் போட்ட தாள் இருக்கிறது. சொல்லாவிட்டால் ஒரு நாள் நீ வேலைக்குப் போவாய், நிலையத்தில் அந்த வண்டி வந்து நிற்கும், உள்ளே உன் இடம் இருக்காது. கட்டியது உன் அம்மா என்று யாராவது சொல்வார்கள். எது பெரிய குற்றம் என்று எனக்குத் தெரியவில்லை. நான்கு நாளாக இதையே சுற்றிச் சுற்றி நினைக்கிறேன், ஆரம்பித்த இடத்துக்கே வந்து நிற்கிறேன்.

உன் அப்பாவிடம் வாயே திறக்கவில்லை. அவர் முடிவெட்டும் கடையில் போய், என் பொண்ணு எட்டுப் பெட்டி இழுக்கிறா என்று பெருமையடித்துவிட்டு வருகிறார். ஏன் ஒரு மாதிரி இருக்கிறாய் என்று கேட்டார். பல் வலி என்றேன். பல் மருத்துவரிடம் நேரம் வாங்கிவிட்டார். திங்கட்கிழமை வலிக்காத பல்லைக் காட்டிவிட்டு வர வேண்டும்.

அம்மா


வெள்ளிக்கிழமை

வாண்டு,

இந்த உறையில் இரண்டு கடிதங்கள் இருக்கும். பழையதை முதலில் படி. ஆறு வாரமாக என் பைக்குள்ளேயே கிடந்து மூலை மடங்கிவிட்டது. இன்று இரண்டையும் சேர்த்துப் போடுகிறேன். தாளாவது கையெழுத்தாவது, வருவது வரட்டும்.

உங்கள் ஊரிலிருந்து செவ்வாய்க்கிழமை ஆறு பேர் வந்தார்கள், வண்டி எப்படி வந்திருக்கிறது என்று பார்க்க. அவர்களுக்குத் தலைவி வெள்ளை முடியைக் குட்டையாக வெட்டிவிட்ட ஓர் அம்மா, உங்கள் ரயில் நிர்வாகத்தில் பெரிய அதிகாரி. கூடவே மொழிபெயர்க்க ஒரு பெண். எங்களை எல்லாம் புதுச் சட்டை போட்டு வரிசையாக நிறுத்தி, கேட்டால் மட்டும் பதில் சொல்லுங்கள் என்று நெட்டை சார் மூன்று தடவை சொன்னார்.

அந்த அம்மா நல்ல மாதிரி. கதவு இடுக்கில் தன் விரலையே வைத்துப் பார்த்தார். முன்பக்கத்தில், பயணிகள் இருக்கைக்குக் கீழே, பூட்டிய மூடி ஒன்று இருக்கிறது. வண்டி பழுதாகி நின்றால் அதைத் திறந்து, உள்ளே இருக்கும் கைப்பிடியால் வண்டியை மெல்ல ஓட்டிப்போகலாம். அதைத் திறந்து காட்டியது நான்தான். வயர் வேலை மிக நேர்த்தி என்று அவர் சொன்னதாக மொழிபெயர்ப்புப் பெண் சொன்னாள். நன்றி சொல்லிவிட்டு நகர்ந்திருக்க வேண்டும். நகரவில்லை.

"அம்மாகிட்ட ஒண்ணு கேக்கணும். இதுவரைக்கும் ஓட்டிட்டிருந்தவங்க எல்லாம் எங்க போவாங்க?" என்று கேட்டுவிட்டேன்.

நெட்டை சாருக்கு இருமல் வந்துவிட்டது. மொழிபெயர்ப்புப் பெண் அவரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். அந்த அம்மாவே, என்ன கேட்கிறார்கள், சொல்லு என்று சைகை காட்டினார். கேட்டதும் அங்கேயே, பயணிகள் இருக்கையில் உட்கார்ந்துவிட்டார். நின்றுகொண்டு சொல்லும் பதில் இல்லை போலிருக்கிறது.

உங்கள் ஊரில் காலையில் மூன்று வண்டிகளைத் தவறவிட்டுத்தான் நான்காவதில் ஏற முடிகிறதாம். ஐந்து வருஷத்தில் ஜனம் அவ்வளவு பெருகிவிட்டதாம். சுரங்கத்தை அகலப்படுத்த முடியாது, நடைமேடையை நீட்டவும் முடியாது. ஒன்றரை நிமிஷத்துக்கு ஒரு வண்டி விட்டால்தான் சமாளிக்கலாம். கடைசி நிலையத்தில் ஓட்டுநர் இறங்கி மறுமுனைக்கு நடந்து போய் ஏறவே நான்கு நிமிஷம் ஆகிறது என்றார். நீ சொல்லியிருக்கிறாய், பையைத் தூக்கிக்கொண்டு அந்த நீளமும் ஓடுவேன், ஜனங்கள் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு முறைப்பார்கள் என்று. நடைமேடையில் ஏற முடியாமல் நிற்பவர்களும் யாரோ பெற்ற பிள்ளைகள்தான். அந்த அம்மா சொன்னது பொய் இல்லை. அதுதான் என்னை இன்னும் குழப்புகிறது. பொய்யாக இருந்தால் சண்டை போட்டிருப்பேன்.

"டிரைவர்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டேன்.

"முதல் நாளே சொல்லிட்டோம். பதினாலு மாசம் ஆச்சு" என்று பதில் வந்தது.

பதினான்கு மாதம்! நீ ஒரு வார்த்தை சொல்லவில்லை. உன் பெயரைச் சொல்லிக் கேட்க முடியாது. சொன்னால் நான் ஊரைத் தெரிந்துகொண்டது வெளியே வந்துவிடும், அந்தக் கணினிப் பெண்ணும் மாட்டிக்கொள்வாள். அதனால் பெண்கள் எத்தனை பேர் ஓட்டுகிறார்கள் என்று சும்மா கேட்பதுபோலக் கேட்டேன்.

ஏழு பேராம். ஒருத்தி, புது வண்டி எப்படி இருக்க வேண்டும் என்று யோசனை சொல்லும் குழுவில் இருக்கிறாளாம். அந்தப் பூட்டிய மூடியை இன்னும் ஒரு சாண் உயரத்தில் வையுங்கள், குள்ளமானவர்களுக்கு முதுகு ஒடியும் என்று சொன்னது அவள்தானாம். இரண்டு பேர் கட்டுப்பாட்டு அறைக்குப் படிக்கிறார்கள். மூன்று பேர் கடைசி நாள் வரை ஓட்டுவோம் என்கிறார்கள். இன்னும் ஒருத்தி, அறிவிப்பு வந்த முதல் மாதமே தானாக எழுதிக்கொடுத்துவிட்டு நடைமேடை வேலைக்குப் போய்விட்டாளாம். ஏன் என்று கேட்டதற்கு, எடுக்கப்போறதை நானே குடுத்துடறேன் என்றாளாம். இதைச் சொல்லும்போது அந்த அம்மா என்னைப் பார்க்கவில்லை, கண்ணாடி வழியாக வெளியே பார்த்தார்.

வாண்டு, அந்த ஏழில் நீ யார்?

செவ்வாயிலிருந்து இதே யோசனை. நீயும் குள்ளம்தான், மூடி உயரத்தைச் சொன்னது நீயாக இருக்கலாம். ஆனால் நான்கு பேர் கூடிப் பேசினாலே எழுந்து போய்விடுகிறவள் நீ. கட்டுப்பாட்டு அறையாக இருக்குமோ? படிக்கிறேன் என்று நீ சொல்லவில்லையே. கடைசி நாள் வரை ஓட்டுகிறவள் என்றால் எங்களிடம் ஏன் மறைக்க வேண்டும்? உன் பழைய கடிதங்களை எல்லாம் எடுத்துத் தரையில் பரப்பிப் படித்தேன். போன வருஷத்துக் கடிதங்களில் வளைவும் சிவப்பு விளக்கும் சுரங்கத்தில் வரும் நரியும் இருக்கின்றன. இந்த வருஷத்துக் கடிதங்களில் வண்டியே இல்லை. குளிர், சமையல், அப்பாவின் முழங்கால். எத்தனை கடிதம் படித்தேன், ஒரு தடவைகூட இது என் கண்ணில் படவில்லை. ஒரு பெட்டிக்குள் ஓடும் ஆயிரம் வயரில் எது எங்கே போகிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். ஏழு பெண்களில் என் பெண் எவள் என்று சொல்லத் தெரியவில்லை.

கேள்வி கேட்டதற்காக என்னிடம் விளக்கம் கேட்டு அலுவலகத்திலிருந்து தாள் வந்திருக்கிறது. கேட்டேன், பதில் கிடைத்தது, நன்றி என்று எழுதிக் கொடுத்தேன். நெட்டை சார் அதைப் படித்துவிட்டு, "இப்படியா எழுதுவாங்க?" என்று தலையில் அடித்துக்கொண்டார். பிறகு என்ன நினைத்தாரோ, அப்படியே வாங்கி வைத்துக்கொண்டார்.

நீ எந்தப் பதில் எழுதினாலும் சரி. எழுது.

அம்மா


வியாழக்கிழமை, காலை

என் கண்ணுக்கு,

உன் கடிதம் வந்தது. தபால்காரர் உன் அப்பா கையில் கொடுத்துவிட்டார், ஆனால் உறை மேல் என் பெயர் இருந்ததால் பிரிக்காமல் மேசைமேல் வைத்திருந்தார். நான் வேலை விட்டு வந்து, செருப்பைக் கழற்றாமல் நின்றபடியே படித்தேன்.

பதிமூன்று மாதமாக நடைமேடையில் நிற்கிறாய். பதிமூன்று மாதமாக உன் அப்பா போனில் பிரேக் எப்படி என்று கேட்க, நீயும் நன்றாகப் பிடிக்கிறது அப்பா என்று சொல்லியிருக்கிறாய். கோபப்படுவதா, அழுவதா என்று தெரியாமல் நான் சிரித்துவிட்டேன். நீ அவருக்குச் சொன்ன பொய்யும் நான் அவருக்குச் சொன்ன பல் வலியும் ஒரே வீட்டுச் சரக்குத்தான்.

அடுத்த வரியில் சிரிப்பு நின்றுவிட்டது. வண்டி எங்கள் தொழிற்சாலையில்தான் செய்கிறார்கள் என்று உங்கள் அறிவிப்புப் பலகையில் படத்தோடு ஒட்டியிருந்தார்களா? இங்கே நாங்கள் வாயில் பூட்டுப் போட்டுக்கொண்டு திரிந்தோம். நீ எழுதியிருக்கிறாய், நீ சொல்லுவேன்னு காத்துக்கிட்டிருந்தேம்மா என்று. பதவி உயர்வு என்று நான் எழுதிய கடிதத்தைப் படித்துக் கோபம் வந்தது, அப்புறம் கோபப்பட்டதற்கு வெட்கமாக இருந்தது என்றும் எழுதியிருக்கிறாய்.

அந்த முதல் கடிதம் எழுதியபோது சத்தியமாக எனக்கு ஊர் தெரியாது. அதை மட்டும் நம்பு. ஊர் தெரிந்த பின் எழுதிய கடிதத்தை ஆறு வாரம் பைக்குள் வைத்திருந்தது என் தப்பு. அதற்குச் சாக்குச் சொல்லப் போவதில்லை. நீ காத்திருந்தாய், நானும் காத்திருந்தேன். ஒருவருக்கொருவர் வழிவிட்டு, இருவரும் ஒரே இடத்தில் நின்றிருக்கிறோம்.

நேற்று உன் அப்பாவிடம் சொல்லிவிட்டேன். எப்படிச் சொல்வது என்று தெரியாமல் உன் கடிதத்தையே கையில் கொடுத்தேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு மெதுவாகப் படித்தார். மடித்துத் திருப்பிக் கொடுத்தார். "நின்னுக்கிட்டேவா வேலை?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். "கால் வலிக்குமே" என்றார். அவ்வளவுதான். சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார். சாப்பாட்டு நேரம் தாண்டியும் வரவில்லை. எனக்குப் பயம் வந்துவிட்டது. தேடிக்கொண்டு போனால் தெருமுனைப் பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்து, போகிற வருகிற பஸ்ஸை எல்லாம் பார்த்துக்கொண்டிருக்கிறார். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். மூன்று பஸ் போன பிறகு பேசினார்.

"முப்பத்தொரு வருஷம் என் தலைக்கு மேல ஒரு போர்டு. ஓட்டுநரிடம் பேசாதீர்கள். அவகிட்டயும் அதே போர்டு இருந்திருக்கும். நான் கதவுக்குப் பின்னாடி நின்னு அவ முதுகைத்தான் பாத்திருப்பேன். இப்ப நடைமேடையில நின்னா பேசலாம்ல?"

"பேசலாம்" என்றேன்.

"அப்ப போய்ப் பேசுவோம்" என்றார். பிறகு, "நீயும் வா, உனக்கும் பேச வேண்டியது இருக்கு" என்று எழுந்துகொண்டார்.

ஆக, அடுத்த மாதம் பத்தாம் தேதி இருவரும் வருகிறோம். எனக்கு இரண்டு வாரம் விடுப்பு கொடுத்துவிட்டார்கள். நெட்டை சார்தான் கையெழுத்துப் போட்டார், எந்த ஊருக்கு என்று அவர் கேட்கவும் இல்லை, நான் சொல்லவும் இல்லை.

இன்று பதினோராவது ஆர்டரின் முதல் வண்டி கப்பலுக்குப் புறப்படுகிறது. இதை எழுதும்போதே தொழிற்சாலை வாசலில் இழுவை லாரி உறுமிக்கொண்டிருக்கிறது. எல்லோரும் கைதட்டினார்கள், நானும் தட்டினேன். பெருமையாகத்தான் இருந்தது. அந்தப் பெருமையை எங்கே வைத்துக்கொள்வது என்றுதான் தெரியவில்லை. எனக்கு வயசு ஐம்பத்து மூன்று, இன்னும் இப்படி ஒரு குழப்பத்தை நான் பார்த்ததில்லை. நல்ல வேலை செய்திருக்கிறேன், உனக்கு நல்லது செய்யவில்லை. இரண்டும் ஒரே கையால் செய்தது. நீ படித்தவள், நான் நேரில் வரும்போது இதை எனக்குக் கொஞ்சம் பிரித்துச் சொல். சொல்ல முடியாவிட்டால் சும்மா பக்கத்தில் நில், அதுவும் போதும்.

ஒன்று மட்டும் கேட்கிறேன். மறுக்கலாம், அம்மா ஒன்றும் நினைத்துக்கொள்ள மாட்டேன். அந்த வண்டி உன் நடைமேடைக்கு வந்து ஓடத் தொடங்கிய பிறகு, உன் மனசு ஆறிய ஏதாவது ஒரு நாளில், ஒரே ஒரு தடவை அதில் ஏறு. முன்னால் போக வேண்டாம், அந்தக் கண்ணாடிப் பக்கமே பார்க்க வேண்டாம். நடுவில் ஏதாவது ஒரு பெட்டியில் ஏறி, இரண்டு நிலையம் போய் இறங்கிவிடு. எப்படி இருந்தது என்று எழுது. குலுங்கியது, விளக்கில் கண் கூசியது என்று குறை சொன்னாலும் சரி.

நாள் முழுக்க நின்று நாலு பேருக்கு வழி சொல்கிறாய். நீ ஏறும் அன்று அந்த வண்டியில் உனக்கு உட்கார ஓர் இடம் கிடைக்கட்டும்.

என்றும் உன்,
அம்மா